வழுவும் வழுவமைதியும்

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு வழு, வழாநிலை, வழுவமைதி என்ற மூன்றும் நினைவிருக்கும். முறை தவறிச் சொல்வது வழு. தவறாமல் சொல்வது வழாநிலை. தவறுதான் என்றாலும் தக்க காரணம் இருப்பதால் இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டது வழுவமைதி. ஒரு பசுவை அம்மா என்று சொல்லி 'வந்தாள்' என்று முடித்தால், அது அஃறிணையை உயர்திணை ஆக்கிய வழு. ஆனால் பிரியத்தினால் சொன்னது, ஆகவே அமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுக்களை ஏழாகப் பிரித்து, எதைத் தள்ளுவது, எதைக் கொள்வது என்று நிதானமாக யோசித்திருக்கிறார்கள் நம் இலக்கணக்காரர்கள்.

கம்ப்யூட்டர் துறையில் 'பக்' என்று சொல்வதற்குத் தமிழில் சொல் தேடியவர்கள் 'வழு'வை எடுத்துக்கொண்டது பொருத்தமே. மற்ற இரண்டையும் கூடவே எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு மென்பொருள் குழு நாள் முழுவதும் செய்வது இந்த மூன்றையும் தரம் பிரிக்கும் வேலைதான். வாடிக்கையாளர் சொல்வது உண்மையிலேயே வழுவா, அல்லது அவர் தவறாகப் புரிந்துகொண்டாரா? வழு என்றால் இன்றே திருத்துவதா, அடுத்த மாதமா? திருத்தப்போவதில்லை என்றால் என்ன காரணம், அதை யாரிடம் சொல்வது? இவற்றையெல்லாம் எழுதிவைக்க ஓர் ஏடு வேண்டும். அந்த ஏட்டைத்தான் இன்று 'பக் டிராக்கிங்' மென்பொருள் என்ற பெயரிலும், அதன் அண்ணனைப் 'புராஜெக்ட் மேனேஜ்மென்ட்' மென்பொருள் என்ற பெயரிலும் விற்கிறார்கள்.

ஐந்து பேர், எட்டு பேர் கொண்ட குழுக்கள் இவற்றில் எதை எடுத்துக்கொள்வது என்று திண்டாடுகின்றன. கோவையில் ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் குழுவாக இருக்கலாம். புனேயில் மருத்துவமனைகளுக்கு ரசீது மென்பொருள் செய்து தரும் குழுவாக இருக்கலாம். செயலிகளை இந்திய மொழிகளில் பெயர்த்துத் தரும் எங்களைப் போன்றவர்களாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். பதில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு அட்டவணை போட்டு எதில் எத்தனை வசதி என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். வசதிகளை எண்ணித் தேர்ந்தெடுத்த ஏடு ஆறே மாதத்தில் யாரும் எழுதாத ஏடாகிவிடுகிறது.

'பக்' என்ற சொல்லுக்கு ஒரு பிரசித்தமான கதை உண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-2 என்ற பெரிய கணக்கு இயந்திரத்துக்குள் ஒரு விட்டில் பூச்சி சிக்கி வேலை நின்றது. அதிலிருந்துதான் இந்தச் சொல் பிறந்தது என்பார்கள். அது சரியல்ல, 1878லேயே எடிசன் தன் கடிதம் ஒன்றில் இயந்திரக் கோளாறுகளை இதே சொல்லால் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் விட்டில் கதையில் நாம் பார்க்க வேண்டியது பூச்சியை அல்ல, அதைப் பதிவு செய்த ஏட்டை. தேதி இருக்கிறது. பிற்பகல் 3.45 என்று நேரம் இருக்கிறது. எஃப் பலகையில் 70ஆம் எண் ரிலே என்று இடம் இருக்கிறது. சாட்சியாகப் பூச்சியையே டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்த ஏடு பத்திரமாக இருக்கிறது. எப்போது, எங்கே, என்ன, சாட்சி என்ன — இந்த நான்கைத் தாண்டி இன்றைய மென்பொருள்கள் கேட்பதில் பாதி அலங்காரம்.

நம் சிறு குழுக்களில் அந்த ஏட்டின் இடத்தை வாட்ஸ்அப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பி, 'வேலை செய்யவில்லை, அவசரம்' என்கிறார். குழுவில் ஒருவர் 'பார்க்கிறேன்' என்கிறார். அதற்குக் கீழே ஒரு பிறந்த நாள் வாழ்த்து, ஒரு மதியச் சாப்பாட்டு ஏற்பாடு, இன்னொரு புகார். மாலைக்குள் முதல் புகார் நூறு செய்திகளுக்கு மேலே போய்விடும். 'பார்க்கிறேன்' என்றவர் பார்த்தாரா, பார்த்து என்ன கண்டார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இரண்டு மாதம் கழித்து அதே கோளாறு வரும்போது அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். எழுதாத அறிவு ஆளோடு போய்விடுகிறது. பெரிய நிறுவனத்தில் ஒருவர் போனால் நூற்றில் ஒருவர்; ஐந்து பேர் குழுவில் ஒருவர் போனால் ஐந்தில் ஒரு பங்கு ஞாபகம் போகிறது. பெரிய நிறுவனத்தைவிடச் சிறு குழுவுக்கே ஏடு அவசியம் என்பதற்கு இதுவே காரணம்.

ஏட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு ஒரு வித்தியாசத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திட்டம் என்பது நாம் செய்ய நினைப்பது. வழு என்பது அழையாமல் வருவது. முதலாவதை எழுதிவைக்கும் வழக்கம் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. 1910களில் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் பரப்பிய கோட்டுப் படங்கள் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகின்றன: எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று காட்டும் பட்டைகள். ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ வகுத்த 'கான்பான்' அட்டை முறை இன்னொன்று. அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே தயாரிக்கச் சொல்லும் அட்டை அது. அதுதான் இன்று கம்ப்யூட்டர் திரையில் 'செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது' என்ற மூன்று பத்திகளாக மாறியிருக்கிறது.

வழுவுக்குத் தேதி குறிக்க முடியாது. எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரை எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கான்ட் பட்டைகளில் வழுக்களை அடுக்குவது வீண். அதற்காக இரண்டுக்கும் இரண்டு மென்பொருள் வாங்கவும் வேண்டாம். சிறு குழுவுக்கு ஒரே ஏடு போதும்; அதில் 'வேலை' என்றும் 'வழு' என்றும் இரண்டு வகை இருந்தால் சரி. இரண்டு ஏடு வைத்தால் ஒன்று நிச்சயம் காலியாகக் கிடக்கும்.

இனி, வழுவை எப்படி எழுதுவது? நியூயார்க்கில் ஃபாக் கிரீக் என்ற சிறிய நிறுவனத்தை நடத்திய ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000இல் இதற்கு எளிய விதி சொன்னார். மூன்று விஷயம் இருந்தால் போதும்: கோளாறை மறுபடி வரவழைக்க என்னென்ன செய்ய வேண்டும், என்ன நடந்திருக்க வேண்டும், அதற்குப் பதில் என்ன நடந்தது. இதைவிட அதிகமான கட்டங்களை நிரப்பச் சொன்னால் ஜனங்கள் எழுதவே மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். அவருடைய நிறுவனமே 'ஃபாக்பக்ஸ்' என்ற வழு ஏட்டை விற்றது என்பதால், விற்பனைக்காரர் வசதியைக் குறைக்கச் சொல்வதை நம்பலாம்.

முதல் விஷயம், அதாவது கோளாறை மறுபடி வரவழைப்பது, எவ்வளவு முக்கியம் என்பதற்கு உயிர்ப் பலி கொடுத்த ஓர் உதாரணம் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் 'தெராக்-25' என்ற கனடா நாட்டு இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில் இயந்திரம் 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் காட்டிவிட்டு நின்றது. கம்பெனி எஞ்சினியர்கள் வந்து சோதித்தார்கள், கோளாறு வரவில்லை. வேறு எங்கும் இப்படி நடந்ததாகத் தகவல் இல்லை என்றார்கள். ஆனால் அதற்கு முன்பே வேறு மருத்துவமனைகளிலிருந்து புகார்கள் வந்திருந்தன. இயந்திரம் மீண்டும் இயங்கியது. ஏப்ரல் 11 அன்று அதே மருத்துவமனையில் இன்னொரு நோயாளி பாதிக்கப்பட்டார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது கம்பெனி அல்ல. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்மணியும் உட்கார்ந்து, அன்று எந்தெந்த விசையை எந்த வரிசையில் அழுத்தினோம் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அவர் முதலில் ஒரு எழுத்தைத் தவறாகத் தட்டி, பிறகு மேலே போய்த் திருத்தியிருந்தார். பழகிய கை என்பதால் சில விநாடிகளில் திருத்திவிட்டார். இயந்திரம் தன் காந்தங்களைச் சரிசெய்துகொள்ள எட்டு விநாடி எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளிக்குள் செய்த திருத்தத்தை அது கவனிக்கவில்லை. மெதுவாகத் தட்டிப் பார்த்த எஞ்சினியர்களுக்குக் கோளாறு வராததில் ஆச்சரியமில்லை. 'வேலை செய்யவில்லை, அவசரம்' என்ற புகாருக்கும் 'இதை அழுத்தி, இதைத் திருத்தி, இத்தனை விநாடிக்குள் இதைச் செய்தால் வருகிறது' என்ற புகாருக்கும் உள்ள தூரம் இதுதான். ஆக, நீங்கள் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் அந்த மூன்று விஷயங்களையும் முதல் திரையிலேயே கேட்க வேண்டும். மற்றவை பின்னால் வரட்டும்.

சந்தையில் என்ன இருக்கிறது என்று இப்போது பார்க்கலாம். மூன்று பேர் குழு என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய ஒரு விரிதாள் போதும். எண், தேதி, யார் சொன்னது, மேலே சொன்ன மூன்று விஷயம், யார் பொறுப்பு, இப்போதைய நிலை. இதை ஏளனமாக நினைக்க வேண்டாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் அழிக்கத் தொடங்கும்போது, அல்லது ஒரு வழுவைப் பற்றிய பேச்சு ஒரு கட்டத்துக்குள் அடங்காதபோது, அடுத்ததற்குப் போகலாம்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் அதை கிட்ஹப்பில் வைத்திருந்தால், வழு ஏடு அதற்குள்ளேயே இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் தனியார் குழுக்களும் அதன் அடிப்படை வசதிகளை ஆள் எண்ணிக்கை வரம்பின்றி இலவசமாகப் பயன்படுத்தலாம். திருத்திய வரியும் அதற்குக் காரணமான வழுவும் ஒன்றோடொன்று இணைந்திருப்பது பெரிய சௌகரியம். ஆனால் புரோகிராம் எழுதாத வாடிக்கையாளரையோ, மொழிபெயர்ப்பாளரையோ அங்கே அழைத்து வருவது கடினம். அப்படிப்பட்டவர்கள் அதிகம் உள்ள குழுவுக்கு, 2011இல் வந்த 'டிரெல்லோ' போன்ற அட்டைப் பலகைகள் பொருந்தும். பத்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்வார்கள். வழு பெருகினால் பலகை சந்தைக்கடை ஆகிவிடும் என்பது அதன் குறை. 'செய்துகொண்டிருப்பது' பத்தியில் ஆளுக்கு இரண்டு அட்டைக்கு மேல் கூடாது என்று விதி வைத்துக்கொண்டால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஏட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இலவச, திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன. 1998இல் டெர்ரி வைஸ்மன் மோசில்லாவுக்காக எழுதிய 'பக்ஸில்லா' இவற்றில் மூத்தது. ஃபயர்ஃபாக்ஸின் தமிழ் மொழிபெயர்ப்பில் தவறு கண்டால் இன்றும் அதில்தான் பதிய வேண்டும். தமிழுக்கென்று அங்கே தனிப் பிரிவே உண்டு. 2000இல் தொடங்கிய 'மான்டிஸ்' எளிமையானது. 2006இல் வந்த 'ரெட்மைன்' வழு ஏட்டையும் கான்ட் பட்டைகளையும் குறிப்பேட்டையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. விலை இல்லை என்றாலும் செலவு உண்டு. சர்வரைப் பார்த்துக்கொள்ள, பாதுகாப்புத் திருத்தங்களைப் போட, தினமும் நகல் எடுத்துவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதத்தில் ஒரு நாளாவது இதற்கென்று ஒதுக்க முடியாத குழு, இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பெரிய பெயர் 'ஜிரா'. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மைக் கேனன்-புரூக்ஸ், ஸ்காட் ஃபார்குவர் என்ற இரண்டு கல்லூரி நண்பர்கள் 2002இல் தொடங்கிய அட்லாசியன் நிறுவனத்துடையது. அவர்கள் முதலில் பயன்படுத்தியது பக்ஸில்லாவை. அந்தப் பெயரை வைத்து விளையாட்டாக 'காட்ஸில்லா' என்றார்கள். அதற்கு ஜப்பானியப் பெயர் 'கோஜிரா'. தலையை வெட்டினால் ஜிரா. பத்து பேர் வரை இலவசம் என்பதால் சிறு குழுக்கள் ஆசையோடு போகின்றன. அதில் செய்ய முடியாதது கிடையாது. அதுவே ஆபத்து. கட்டங்களையும் கட்டளைகளையும் கூட்டிக்கொண்டே போகலாம். ஒரு வழுவைப் பதிய பன்னிரண்டு கட்டம் நிரப்ப வேண்டும் என்ற நிலை வந்ததும் குழு சத்தமில்லாமல் வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடும். உள்நாட்டில் ஸோஹோ இருக்கிறது. ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996இல் தொடங்கிய நிறுவனம்; தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. அதன் 'புராஜெக்ட்ஸ்' மென்பொருளில் திட்டமும் வழு ஏடும் சேர்ந்தே கிடைக்கின்றன. ரூபாயில் பணம் கட்டலாம் என்பது சிறு குழுவுக்குச் சின்ன விஷயம் அல்ல.

டாலர் கணக்கில் போகும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். தானாகக் கழிக்கும் கார்டு கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2022 முதல் பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் கார்டுக்காரர் ஒப்புதல் தர வேண்டும். ஆண்டுக் கட்டணம் அதைத் தாண்டினால், அந்த நாளில் கார்டுக்காரர் ஊரில் இல்லையென்றால் ஏடு பூட்டிக்கொள்ளக்கூடும். யார் கார்டு, எந்த மாதம் என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான்.

இந்திய மொழிகளில் வேலை செய்கிறவர்கள் இன்னொரு சோதனை செய்து பார்க்க வேண்டும். 'கோப்பு' என்று தமிழில் ஒரு வழுவை எழுதிவிட்டு, அந்தச் சொல்லைத் தேடச் சொல்லுங்கள். யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி முழுவதையும் ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் ஒன்றென்று தெரியாத மென்பொருளில் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தேடினாலும் கிடைக்காது. ஒரே வழு இரண்டு முறை பதிவாகும். பிறகு ஏட்டைக் கோப்பாக வெளியே எடுத்து எக்ஸெலில் திறந்து பாருங்கள். சி.எஸ்.வி. கோப்பு யு.டி.எஃப்.-8 என்பதை எக்ஸெல் அடையாளம் காணாவிட்டால், தமிழ் முழுவதும் பொருளற்ற கிறுக்கலாக வந்து நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, திறக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அதை நெருக்கடி நாளில் தெரிந்துகொள்வதைவிட இன்றே தெரிந்துகொள்வது மேல்.

வெளியே எடுப்பதைச் சோதிக்கச் சொல்வது சும்மா அல்ல. மென்பொருளை விற்கிறவர்கள் உள்ளே வரும் வழியைத்தான் காட்டுவார்கள். 2006இல் திறந்த மூலத் திட்டங்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கிய கூகிள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. தன் சர்வரில் வைத்துக்கொள்ளும் ஜிராவின் சிறிய பதிப்புக்கு ஆதரவை அட்லாசியன் 2024 பிப்ரவரி 15 அன்று நிறுத்திக்கொண்டது. சிறு குழுக்கள் பல ஆண்டுகள் விரும்பிப் பயன்படுத்திய 'பிவோட்டல் டிராக்கர்' 2025 ஏப்ரல் 30 அன்று முடிவுக்கு வந்தது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரும் முன்னறிவிப்பு தந்தார்கள். ஆனாலும் வாடகை வீட்டில் இருப்பவர் சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏட்டில் உள்ள எல்லாவற்றையும், விவாதங்களையும் இணைத்த படங்களையும் சேர்த்து, வெளியே எடுக்க முடிகிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். எடுத்ததை ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்த ஏட்டையும் ஒரே நாளில் கெடுத்துவிடலாம். யார் எத்தனை வழு செய்தார் என்று எண்ணி ஊதிய உயர்வைத் தீர்மானிப்பதாக அறிவித்தால் போதும். மறுநாளே 'இது வழுவல்ல, இப்படித்தான் இருக்க வேண்டும்' என்ற வாதங்கள் தொடங்கும். நண்பர்கள் ஏட்டில் எழுதாமல் காதில் சொல்லிக்கொள்வார்கள். எண்ணிக்கை குறையும், வழு குறையாது. ஏட்டில் வழு அதிகம் இருக்கும் குழு மோசமான குழு என்று முடிவு கட்டக் கூடாது. பல சமயம் அது எழுதிவைக்கும் குழு, அவ்வளவே.

வழு ஏடு என்பது அலுவலக வசதி மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு பிரிட்டனைச் சுட்டிக்காட்டலாம். அங்கே போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் 1999 முதல் தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. அதைப் பராமரித்தது ஃபுஜிட்சு. கிளைகளை நடத்தியவர்களின் கணக்கில் விளக்க முடியாத துண்டு விழுந்தது. மென்பொருளில் தவறில்லை என்று நிறுவனம் சாதித்தது. 2015க்குள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய ஒரு பெண்மணி 2010 நவம்பரில், கர்ப்பமாக இருந்த நிலையில், சிறைக்குப் போனார். 'வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை' என்பதே பலருக்கும் கிடைத்த பதில்.

இதில் கொடுமை என்னவென்றால், ஏடு இருந்தது. ஃபுஜிட்சுவில் 'அறிந்த பிழைகளின் பதிவு' என்றே ஒன்று பராமரிக்கப்பட்டது. துண்டு விழ வைக்கும் கோளாறுகள் அதில் பதிவாகியிருந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களின் கண்ணில் அது படவில்லை. கிளைக்காரர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், அதைக் கொடுக்க நிறுவனம் முரண்டு பிடித்த பிறகே அது வெளியே வந்தது. மென்பொருளின் கோளாறுகளால் கணக்கில் துண்டு விழக்கூடும், விழுந்தும் இருக்கிறது என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் ஒரே நாளில் ரத்தாயின. அந்தப் பெண்மணியின் தண்டனையும் அவற்றில் ஒன்று. மற்றவர்களை ஒட்டுமொத்தமாக விடுவிக்க 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஏட்டில் வழு என்று எழுதிவைத்துவிட்டு வெளியே வழாநிலை என்று சாதித்ததன் விலை அது. நம் ஐந்து பேர் குழு எழுதும் மென்பொருளும் யாரோ ஒருவருடைய சம்பளத்தையோ, மருந்துச் சீட்டையோ, ரேஷன் கணக்கையோதான் கூட்டிக் கழிக்கிறது. அது தப்பாகக் கூட்டினால் முதலில் சந்தேகப்படுவது கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரைத்தான். அவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் நம் ஏட்டில் இருக்கும் ஒரு வரியாக இருக்கலாம். ஆகவே ஏட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசியாக ஒரு கேள்வி: வழுவினால் பாதிக்கப்படுகிறவர் தன்னுடைய புகாரின் நிலையை அதில் பார்க்க முடியுமா? முழு ஏட்டையும் திறந்துவிட வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்குத் தனி அனுமதி தரும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால், அறிந்த வழுக்களின் பட்டியலை மாதம் ஒரு முறை மின்னஞ்சலில் அனுப்பலாம். செலவு எதுவும் கிடையாது.

எல்லா வழுவையும் திருத்த முடியாது. சிறு குழுவால் நிச்சயமாக முடியாது. 'இதைத் திருத்தப் போவதில்லை' என்று முடிவு செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காரணம் எழுதாமல் மூடிய வழு அமைதி அடைந்த வழு அல்ல. நம் இலக்கணக்காரர்கள் ஒவ்வொரு வழுவமைதிக்கும் காரணம் சொன்னார்கள்: உவப்பினால், சிறப்பினால், சினத்தினால் என்று. அதே போல 'இந்தக் காரணத்தினால் விட்டுவைக்கிறோம், இதனால் இன்னாருக்கு இந்தச் சிரமம் வரும், அதற்கு மாற்று வழி இது' என்று மூன்று வரி எழுதி, முடிவெடுத்தவர் பெயரையும் தேதியையும் போட்டால் போதும். அதற்கு இடம் தருகிற, குழுவில் கம்ப்யூட்டர் அதிகம் தெரியாதவரும் தயங்காமல் எழுதுகிற, வேண்டும்போது மூட்டை கட்டிக்கொண்டு வெளியேற விடுகிற மென்பொருள் எதுவானாலும் நல்ல மென்பொருள்தான். அது ஜிராவாக இருந்தாலும் சரி, எட்டு பத்தி கொண்ட விரிதாளாக இருந்தாலும் சரி. வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அதை வாசிப்பதற்கு மட்டும் எந்தக் கம்பெனியும் மென்பொருள் விற்பதில்லை. அதை நாமே செய்துகொள்ள வேண்டும்.